சிறுவாணிக்குத் தகுதியானவர்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யவும் தயார். ஆனால் எங்கள் அபார்ட்மெண்டில் சூடம் ஏற்றினால் ஃபயர் அலாரம் அலறும் என்பதால் வெறும் வாயால் செய்கிறேன். வயது எழுபத்தாறு. இந்த வயதில் புதிதாகப் பொய் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இருபத்தைந்து வயதில் சொன்னவற்றையே இன்னும் மாறாமல் காப்பாற்றிக்கொண்டு வருகிறேன்.

கோயம்புத்தூரில் வடவள்ளியைத் தாண்டி உள்ளே திரும்பினால் ‘வெள்ளியங்கிரி வியூ’ என்று ஓர் அடுக்குமாடி வரும். நாற்பத்தெட்டு வீடுகள். வெள்ளியங்கிரி தெரியாது. எதிரே இன்னொரு அடுக்குமாடி தெரியும். அங்கிருந்து பார்த்தால் நாங்கள் தெரிவோம்.

ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் போர்த் தண்ணீர், உப்பு. இன்னொன்றில் குடிப்பதற்குச் சிறுவாணி அணைத் தண்ணீர். இந்த ஊர்க்காரனிடம் அவன் மில்லைப் பற்றிக் கேளுங்கள், “ஏதோ ஓடுதுங்க” என்பான். தோப்பைப் பற்றிக் கேளுங்கள், “ஏதோ காய்க்குதுங்க” என்பான். சிறுவாணித் தண்ணியைப் பற்றிக் கேட்டுவிட்டால் மட்டும் அன்றைக்கு நீங்கள் போகவேண்டிய பஸ்ஸில் போக முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வாடகைக்கு இருந்த ஒருவர் அந்தத் தண்ணியைப் பக்கெட்டில் பிடித்துக் கீழே கொண்டுபோய் ஸ்கூட்டர் கழுவினார். மாடியிலிருந்து அதைப் பார்த்தவர் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் தனபால். வெட் கிரைண்டர் செய்து விற்று ஓய்ந்தவர். கல்லைச் சுற்ற வைத்தவர் சும்மா இருப்பாரா? அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் அவசரக் கூட்டம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அன்றுமுதல் ‘தற்காலிகவாசி’ என்று பெயர். அவர்கள் வீட்டுச் சிறுவாணிக் குழாயின் வால்வில் பித்தளைப் பூட்டு. சாவி சங்க ஆபீசில். ருசி அறியும் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும் பூட்டுத் திறக்கப்படும். சொந்த வீட்டுக்காரர்களுக்குத் தேர்வு இல்லை. பத்திரம் பதியும்போதே ருசி வந்துவிடும் என்று வைத்துக்கொண்டார்கள்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். தனபால் ஒருவர். கோட்டைமேட்டில் அத்தர்க் கடை வைத்திருந்த அப்துல் நாசர் இன்னொருவர், மூக்குக்காகச் சேர்த்துக்கொண்டோம். மூன்றாவது ஆள் நான், குமாரசாமி. எனக்குப் பதவி ‘முதன்மைச் சுவைஞர்’. படம் போட்ட அட்டை உண்டு. பிறந்ததும் எனக்குத் தொட்டு வைத்த சர்க்கரைத் தண்ணியே சிறுவாணியில் கரைத்ததுதான் என்று தனபால் மேடைதோறும் சொல்லுவார். அப்போது அவர் பிறந்திருக்கவில்லை. இருந்தாலும் நான் மறுத்ததில்லை.

இப்படி நாங்கள் சௌக்கியமாக இருந்தபோதுதான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து சீனிவாசலு வந்து சேர்ந்தார். ஒரு பம்ப் கம்பெனியில் பதினோரு மாத ஒப்பந்தம். கம்பெனியே எடுத்துக்கொடுத்த வீடு, என் வீட்டுக்கு நேர் எதிரே. புதிய பம்புகள் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகின்றன என்று அளந்து எழுதுவது வேலை. கம்பெனித் தொட்டியில் ஒரே தண்ணீர்தான் எண்ணெய் மிதக்கச் சுற்றிச் சுற்றி வரும். பகலெல்லாம் லட்சம் லிட்டர் ஓடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார், குடிக்க இருக்காது.

வந்த மறுநாள் சங்க ஆபீசில் நானும் இருந்தேன்.

“அண்ணாச்சி, அடுப்படியில ஒரு கொழாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கே. சாவி யாருகிட்ட இருக்கு?”

“வாங்க, உக்காருங்க. காப்பி குடிக்கறீங்களா? சாவி எங்கிட்டத்தானுங்க இருக்குது,” என்றார் தனபால்.

“குடுத்தீங்கன்னா...”

“குடுக்காம நாங்க எங்கீங்க போறோம்? பரீச்சை ஒண்ணு இருக்குதுங்க. பாஸ் பண்ணிப்போட்டு வாங்கிக்கலாம்.”

சீனிவாசலு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் சிரிப்போம் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். பிறகு விஷயத்தைச் சொன்னார். மனைவி லோகப்பிரியாவுக்கு இடது சிறுநீரகத்தில் கல். இப்போதைக்கு உளுந்து அளவு. ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் குடித்தால் கரைந்து போய்விடும், குடிக்காவிட்டால் வளரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போர்த் தண்ணீர் ரெண்டு டம்ளருக்கு மேல் உள்ளே போனால் அந்தப் பெண்ணுக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

தனபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர்.

“அய்யோ பாவமுங்க. உங்க ஊட்டம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, நாங்க இருக்கறமில்ல. யாருக்கும் இல்லைன்னு சொல்ற பழக்கமே எங்களுக்குக் கெடையாதுங்க. இப்போதைக்கு இல்லைன்னுதான் சொல்றமுங்க. பதினோரு மாசந்தானே, கண்ண மூடித் தொறந்தா ஓடிப்போயிரும்.”

இந்தப் ‘பதினோரு மாசந்தானே’ சீனிவாசலுவுக்குப் பழகிய வாசகமாகிவிட்டது. கேஸ் கனெக்‌ஷன் கேட்டால் அதுதான். வீட்டை மாற்றித் தரச்சொல்லிக் கம்பெனியில் கேட்டால் அதுதான். லெட்டர் பெட்டியில் பேர் எழுதக் கேட்டபோது அங்கப்பன் சாக்பீசில் எழுதிக்கொடுத்தான். அங்கப்பன் எங்கள் கேட் செக்யூரிட்டி.

கேன் தண்ணீர் வாங்கலாமே என்பீர்கள். விதி பதினான்கு: வெள்ளியங்கிரி வியூவுக்குள் வெளித் தண்ணீர் நுழையக் கூடாது. இங்கே கேன் இறங்குவதை யாராவது படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டால், ‘அங்கே சிறுவாணி இல்லையாட்டம் இருக்குது’ என்று ஊர் பேசிவிடும். சுத்திகரிக்கும் மெஷின் மாட்டலாம் என்றால், தற்காலிகவாசி சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அது விதி ஒன்பது.

ஆகவே மனுஷன் தண்ணீர் கடத்த ஆரம்பித்தார். முதலில் டிபன் கேரியரில் நாலு அடுக்கு. பிறகு பிரஷர் குக்கரில். ஒரு சனிக்கிழமை பெரிய சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கப்பன் எழுந்து நின்று சல்யூட் வைத்தான்.

“ஊருக்குப் போயிட்டு வாரீங்களாட்டம் இருக்குதுங்க சார்?”

“ஆமாண்ணே.”

அங்கப்பன் குனிந்து பெட்டியில் காதை வைத்தான், டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல.

“சலசலங்குதுங்களே சார்.”

“பட்டுச் சேலைண்ணே.”

“பட்டுச் சேலை சலசலக்குமுங்க, சரி. ஒழுகுமுங்களா?”

பெட்டி அங்கேயே கவிழ்க்கப்பட்டது. பஞ்சாயத்து முடியும்வரை லோகப்பிரியா மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபது லிட்டரும் தரையில் ஓடி, தனபாலின் குரோட்டன்ஸ் செடிக்குப் போனது. அந்தச் செடி அதற்கப்புறம் நன்றாக வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்துல் நாசரின் மனைவி உம்மல் குல்சும் ஒருநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, “கண்ணு, இந்தா, யாருக்கும் காட்டாதே,” என்று ஒரு ஜக்குத் தண்ணி கொடுத்தார். லிஃப்டில் இருந்த கேமரா பார்த்துவிட்டது. ‘அனுமதியற்ற சிறுவாணிப் பகிர்வு.’ தண்டனையாக அந்த வீட்டு வால்வுக்கும் பதினைந்து நாள் பூட்டு. உத்தரவில் குழு உறுப்பினர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்துல் நாசரும் போட்டார். அந்தப் பதினைந்து நாளும் உம்மல் குல்சும் பேசியது மூன்று மாடிக்கும் கேட்டது.

“டீ உப்புக் கரிக்குதா? கரிக்கும்ங்க, கரிக்கும். உங்க கையெழுத்தைக் கரைச்சுக் குடிங்க, இனிக்கும்!”

நீ ஒரு ஜக்குக் கொடுக்கவில்லையா என்று என்னைக் கேட்பீர்கள். நான் முதன்மைச் சுவைஞர்.

இரண்டாவது மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை சீனிவாசலு முதல் தேர்வுக்கு வந்தார். கிளப் ஹவுஸ் கூடத்தில் குடியிருப்போர் வேடிக்கை பார்க்க, வெள்ளை விரிப்புப் போட்ட மேஜையில் ஐந்து டம்ளர். சிறுவாணி, பில்லூர் அணை, போர், மழைநீர், கேன். எது எது என்று வரிசை எழுதிய காகிதம் உறையில் ஒட்டியிருக்கும்.

“ஒரு சந்தேகம் அண்ணாச்சி. நான் சிறுவாணியக் குடிச்சதே இல்லியே. குடிச்சுப் பாக்காத தண்ணிய எப்படி அடையாளம் சொல்ல?”

“குடிச்சுப் பாத்துட்டு யாரு வேணாலும் சொல்லிப்போடலாமுங்க,” என்றார் தனபால் பொறுமையாக. “பாக்காம சொல்றவங்களுக்குத்தானுங்க தகுதின்னு பேரு.”

சீனிவாசலு ஐந்து டம்ளரையும் வரிசையாக எடுத்து ஒரே மூச்சில் காலி செய்தார். மே மாத வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர். வாயைத் துடைத்துக்கொண்டு, “எல்லாமே நல்லாத்தான் இருக்கு,” என்றார். குறிப்பேட்டில் இப்படிப் பதிவானது: ‘தேர்வர் ருசிக்கவில்லை. குடித்துவிட்டார்.’

அடுத்த தேர்வு எழுத நாலு மாத இடைவெளி வேண்டும் என்பது விதி. அந்த நாலு மாதமும் அவர் படித்த படிப்பை இந்த ஊரில் எந்தக் கல்லூரியிலும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். லீவு நாளெல்லாம் பஸ் ஏறிவிடுவார். ஓட்டல் ஓட்டலாகப் புகுந்து ஒரு டீயும் நாலு டம்ளர் தண்ணியும் குடிப்பார். “இது எந்தத் தண்ணிங்க?” என்று கேட்டு, பம்ப் சோதனை நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார். பாதி ஊர் அவரைச் சுகாதாரத் துறை ஆள் என்று நினைத்துப் போண்டா கொடுத்தது. சோமனூரில் ஒரு தறிக்கூடத்துப் பானையில் குடித்துவிட்டு, பானை திருநெல்வேலி மண் என்றார். விசாரித்ததில் முதலாளியின் மாமனார் ஊர் அதுதான். மேட்டுப்பாளையத்தில் பவானித் தண்ணியை உறிஞ்சிவிட்டு முந்தாநாள் ஊட்டியில் மழை என்றார். பேப்பரில் இருந்தது. உக்கடத்து டீக்கடை ஒன்றில் ஒரு வாய் குடித்துவிட்டு, “அண்ணே, உங்க மாடித் தொட்டிக்கு மூடி இல்ல,” என்றார். கடைக்காரர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். மூடி இல்லை. காக்கை ஒன்று குளித்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் என் கண்ணால் பார்க்கவில்லை, அவரே சொன்னார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்பதை அந்தப் பட்டுச் சேலை விஷயத்திலேயே பார்த்தீர்கள்.

லோகப்பிரியா இன்னொரு வழி கண்டுபிடித்திருந்தார். காலையில் புறப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், வெளிநோயாளிகள் கூடத்தில் தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சாயங்காலம்வரை குடித்துக்கொண்டே இருப்பார். கொஞ்ச நாளில், “உங்களைக் கூப்பிடவே இல்லியா? யாருங்க உங்க டாக்டர்?” என்று நர்ஸுகள் பரிதாபப்பட ஆரம்பித்து, ஒருநாள் வேறு யாருக்கோ எழுதிய ஊசியைப் போட வந்துவிட்டார்கள். அதோடு நிறுத்திவிட்டார். அந்த மாத ஸ்கேனில் கல் கொண்டைக்கடலை அளவுக்கு வந்திருந்தது.

இரண்டாவது தேர்வில் சீனிவாசலு ஐந்தையும் சரியாகச் சொன்னார். மழைநீர் டம்ளர் கழுவப்படவில்லை, முன்னால் அதில் ரசம் இருந்தது என்றும் சேர்த்துச் சொன்னார். அப்துல் நாசர் கை தட்டிவிட்டார். தனபால் அவரைப் பார்த்தார், கை நின்றது.

“கண்டுபுடிக்கறதுக்கு அம்பது மார்க்குங்க. பாக்கி அம்பது மார்க்கு உணர்வுக்கு. சிறுவாணி வாயில பட்டதும் உங்களுக்கு என்னங்க தோணுச்சு?”

சீனிவாசலு நேர்மையாக யோசித்தார். “உப்பு இல்ல அண்ணாச்சி.”

தனபால் எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்தால் பேச்சு உண்டு.

“இல்லாததச் சொல்லிப்போட்டீங்க. இருக்கறதச் சொல்லலீங்களே! இந்தத் தண்ணி ஒலகத்துலயே ருசியில ரெண்டாவதுங்க. மொத எடம் எதுக்குன்னு கேக்காதீங்க, அது யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க நாங்க ஆசப்படவும் இல்லீங்க. எங்க சங்கத்துல நாப்பத்தெட்டுக் குடும்பமுங்க. ஒரு வாய் குடிச்சா ‘ஆஹா’ன்னு சொல்லாத வாய் ஒண்ணு இல்ல. எனக்குத் தாகமே எடுக்கறதில்லீங்க, இருந்தாலும் குடிக்கறனுங்க. தாகத்துக்குக் குடிக்கறது மாடுகூடச் செய்யுமே! உங்களுக்குத் தாகம் ஜாஸ்தியா இருக்குதுங்க சார். அது கொறைஞ்சப்பறம் வாங்க, கண்டிப்பாப் பாஸ் பண்ணிருவீங்க.”

மார்க் ஐம்பது. தேற ஐம்பத்தொன்று.

மூன்றாவது தேர்வு பத்தாவது மாதத்தில். அதற்குள் லோகப்பிரியா விலாவைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குவார். காய்ச்சல் வந்து வந்து போனது. கல் நெல்லிக்காயாகிவிட்டது, இன்னும் பத்து நாள் பார்ப்போம், முடிந்தவரை தண்ணீர் குடியுங்கள் என்றிருந்தார் டாக்டர். தேர்வுக்குச் சீனிவாசலு சவரம் செய்து, இன் பண்ணி வந்திருந்தார். ‘ஆஹா’ பழகி வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முந்தின வாரமெல்லாம் அவர் வீட்டிலிருந்து விதவிதமான ஆஹா கேட்டதாக உம்மல் குல்சும் சொன்னார்.

ஒன்றாவது டம்ளர், இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் நின்றார். மறுபடி ஒரு வாய். ஐந்தையும் முடித்துவிட்டுத் திரும்பி மூன்றாவதற்கே வந்தார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. இந்த அஞ்சுல சிறுவாணி இல்ல.”

உறை பிரிக்கப்பட்டது. மூன்றாவது, சிறுவாணி என்றுதான் இருந்தது. கிளப் ஹவுஸ் குழாயிலிருந்து தனபாலே பிடித்து வைத்தது.

“இது போர்த் தண்ணிதான் அண்ணாச்சி. கொஞ்சம் என்னமோ கலந்து வருது. எங்கயோ கொழாய் ஒடைஞ்சிருக்கலாம், வால்வு மாறியிருக்கலாம். நாப்பத்தெட்டு வீட்டுக்கும் இப்ப இதான் போவுது. பம்ப்புக்காரன் சொல்றேன், போய்ப் பாருங்க.” அப்புறம் மெதுவாக, “எனக்குச் சாவிகூட வேண்டாம். இங்க சிறுவாணி இல்லைன்னு நீங்க ஒரு வரி எழுதிட்டா, கேனைத் தடுக்க முடியாதுல்லா? இன்னைக்கே ரெண்டு கேன் கொண்டாந்துருவேன். அவளால முடியல அண்ணாச்சி,” என்றார்.

தனபாலின் முகம் மாவுபோல வெளுத்துவிட்டது.

“காத்தால நாப்பத்தெட்டு ஊட்லயும் இதைக் குடிச்சுப்போட்டு ‘ஆஹா’ன்னு சொல்லியிருக்காங்களே, அதெல்லாம் பொய்யிங்களா?”

அப்துல் நாசர் அந்த டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். “எனக்கும் என்னமோ...” என்று ஆரம்பித்து, பதினைந்து நாள் டீ ஞாபகம் வந்ததோ என்னவோ, டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டார்.

“முதன்மைச் சுவைஞர் சொல்லட்டுமுங்க. குமாரசாமி ஐயா சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல,” என்றார் தனபால்.

நான் எடுத்தேன். கண்ணை மூடினேன். ஒரு வாய் வைத்துக் கன்னத்தின் இரண்டு பக்கமும் உருட்டி, மனசுக்குள் பத்து எண்ணினேன். வழக்கமாக ஏழுதான் எண்ணுவேன். விஷயம் பெரியது என்பதால் பத்து. சீனிவாசலு மூச்சு விடாமல் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்துல் நாசர் பிற்பாடு சொன்னார். விழுங்கினேன்.

“சிறுவாணி,” என்றேன். “ஆஹா.”

கூடத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சிறுவாணியை அவதூறு செய்ததற்காகச் சீனிவாசலுவுக்கு ஒரு வருஷம் தேர்வெழுதத் தடை. அவருக்கு இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி என்பதால் மீதிப் பதினோரு மாதத்தைச் சங்கம் பெருந்தன்மையுடன் தள்ளுபடி செய்தது.

எட்டாம் நாள் லோகப்பிரியாவை ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். இந்தத் தடவை டாக்டர் எந்தப் பயறின் பெயரையும் காயின் பெயரையும் சொல்லவில்லை. இடது பக்கச் சிறுநீரகம் சீழ் பிடித்துவிட்டது, எடுத்தாக வேண்டும் என்று மட்டும் சொன்னார். எடுத்தார்கள்.

பதினோரு மாதம் முடிந்தது. போகிறவர்களுக்கு எங்கள் சங்கம் மரியாதை செய்யாமல் அனுப்பாது. சால்வை, சந்தனம், லட்டு. ஒரு கண்ணாடிப் புட்டியில் அரை லிட்டர் சிறுவாணி, ‘காட்சிக்கு மட்டும்’ என்று ஒட்டியது. தனபால் பேசினார்.

“சீனிவாசலு சார் மாதிரி தங்கமான மனுசன இந்த அபார்ட்மெண்ட் பாத்ததில்லீங்க. பதினோரு மாசத்துல ஒருக்காகூட மொகம் சுளிக்கல. அவரு எங்க போனாலும் இந்தத் தண்ணியோட நெனப்பு அவருக்கு இருக்கோணும். அவரோட ஊட்டம்மாவுக்கு ஒடம்பு செரியில்லாமப் போனது எங்க எல்லாருக்கும் வருத்தமுங்க. நெறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க சார்.”

சீனிவாசலு கும்பிட்டு வாங்கிக்கொண்டார். காரில் பின்சீட்டில் லோகப்பிரியா தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். உம்மல் குல்சும் ஜன்னலோரம் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கப்பன் லெட்டர் பெட்டியில் சாக்பீசை அழித்தான். ஈரத் துணிகூட வேண்டியிருக்கவில்லை.

பெட்டியை ஏற்றிவிட்டுச் சீனிவாசலு என்னிடம் வந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. கோவப்படக் கூடாது. அன்னைக்கி அந்த மூணாவது டம்ளர்ல உங்களுக்கு நெசமாவே சிறுவாணி தெரிஞ்சுதா? நான் எங்க தப்புப் பண்ணேன்னு தெரிஞ்சுக்கத்தான். அவகிட்டச் சொல்லணும்.”

“தீர்ப்பைப் பத்தி வெளிய பேசக் கூடாதுன்னு விதி இருக்குதுங்க தம்பி,” என்றேன்.

“சரிங்க அண்ணாச்சி,” என்று தலையாட்டினார். பதினோரு மாதத்தில் அவருக்கும் ‘ங்க’ ஒட்டிக்கொண்டிருந்தது. கார் போய்விட்டது.

2021இல் கொரோனா வந்துபோனதிலிருந்து எனக்கு எதிலும் ருசி தெரியாது.